கண்ணுக்குத் தெரியாத வாயுவும் தொழிலாளியின் உரிமையும்

(கிளைப் பொதுக்கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



பால் ஸ்டோரில் அமோனியா ஊற்றும்போது கண் கரிக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவருகிறோம். ஒரு வகையில் அது நேர்மையான எதிரி! நிறமும் மணமும் ருசியும் இல்லாத வாயு ஒன்று உண்டு. அதன் பெயர் ராடான்.

கருங்கல் பூமியிலுள்ள யுரேனியம் சிறுகச் சிறுகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியத்திலிருந்து பிறப்பது ராடான். நிலத்தடி நீர் அதைக் கரைத்துச் சுமந்து வருகிறது. ஆற்று நீரில் தங்காது, காற்றில் பறந்துவிடும். நம் நாட்டுக் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி ஆற்று நீர்தான். ஆகவே யாரும் பீதியடைய வேண்டாம்.

ஆழ்கிணற்று நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் சங்கதி வேறு. இரும்பை நீக்குவதற்காகத் தண்ணீரைத் தெளித்துக் காற்றுப்படச் செய்கிறார்கள். அப்போது ராடான் பிரிந்து, மூடிய கட்டடத்துக்குள் நிறைகிறது. குடிப்பவருக்குத் தண்ணீர் சுத்தமாகிறது. அங்கே வேலை செய்பவரின் நெஞ்சுக்குள் விஷம் போகிறது. ராடானிலிருந்து பிறக்கும் துகள்கள் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு கதிர்வீசுகின்றன. புகைபிடிப்பவருக்கு ஆபத்து பன்மடங்கு.

ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்கள் நுரையீரல் புற்றால் மடிவதை 1879-லேயே இரண்டு மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். ராடான் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் தீர்ப்புச் சொன்னது 1988-இல். இடையில் நூற்றுச் சொச்சம் வருஷம்! செத்தவன் சுரங்கக் கூலி என்பதால்தானோ இத்தனை நிதானம்?

அதே ஜெர்மனி 2017-இல் இயற்றிய கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டம், தண்ணீர் எடுக்கும், சுத்திகரிக்கும் நிலையங்களில் முதலாளி ராடானை அளந்தே தீரவேண்டும் என்கிறது. ஒரு கனமீட்டர் காற்றில் 300 பெக்கரலைத் தாண்டினால் குறைக்க வழி செய்யவேண்டும்: விசிறி வைத்துக் காற்றை வெளியேற்றலாம், தொட்டியை மூடலாம், உள்ளே நிற்கும் நேரத்தைக் குறைக்கலாம். அளந்த கணக்கைத் தொழிலாளிக்கும் அவர்கள் தேர்ந்தெடுத்த குழுவுக்கும் தெரிவிக்கவும் வேண்டும்.

இந்த இடத்தைக் கவனியுங்கள், தோழர்களே! கணக்கெழுதும் கிராணி சொல்கிறேன்: ஆபீஸ் அலமாரியில் பூட்டிவைத்த எண்ணால் எவனுக்கும் பிரயோஜனமில்லை.

அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு விதிகளும், அவற்றால் வேலையாளுக்கு வரக்கூடிய கேட்டை முதலாளி மதிப்பிட வேண்டும் என்கின்றன. நமது பால் ஸ்டோருக்கும் மருந்தடிக்கும் வேலைக்கும் அந்த மதிப்பீடு நடந்ததா, அதன் நகல் எங்கே என்று கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் தயாராக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் செயலாளர் மேசைக்கு வாருங்கள். கையெழுத்திடுவோர் பெயரோடு செக்ரோல் நம்பரையும் எழுதுங்கள்.