செய்தியும் ஓர் அமானத்தே

(நமது மஹல்லாவின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

 

சற்று முன்னர் ஆண்டறிக்கையும் வரவு செலவும் வாசிக்கப்பட்டன. சந்தா பாக்கி குறித்து ஒருவர் கேட்டார். ஹவுளுக்குப் புதிய மோட்டார் வாங்கிய விலை குறித்து மற்றொருவர் கேட்டார். செயலாளர் அவர்கள் ரசீதை எடுத்துக் காட்டி விளக்கம் அளித்தார்கள். பொதுப் பணம் அமானத் என்பதை உணர்ந்த ஜமாஅத்தின் அடையாளம் இது. அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது நான் கேட்க விரும்புவது ஒன்று. பள்ளிவாசலின் மோட்டாருக்குக் கணக்குக் கேட்கிற நாம், ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாநகராட்சிக்குச் சொத்து வரி செலுத்துகிறோம். குடிநீர்க் கட்டணம் செலுத்துகிறோம். அந்தப் பணத்தில் நம் தெருவில் என்ன வேலை நடக்கவிருக்கிறது, எவ்வளவு தொகைக்கு நடக்கவிருக்கிறது, அதைப் பற்றிப் பேச எந்த நாளில் கூட்டம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? நம் பகுதியின் குடியிருப்போர் நலச் சங்கம் இந்தப் பணிக்காகத்தான் இயங்கி வருகிறது. அதில் நம் ஜமாஅத்தார் பலர் பெயரளவில் உறுப்பினர்கள். அந்தச் சங்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள்.

அன்புச் சகோதரர்களே! சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு அருகிலுள்ள ஒரு சந்தில் புதிய தார்ச்சாலை போடப்பட்டது. எல்லாரும் மகிழ்ந்தனர். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய அடுக்கைப் போட்டுச் சென்றுவிட்டனர். வாசற்படிக்குக் கீழே இருந்த தெரு, வாசற்படிக்கு மேலே வந்துவிட்டது. ஐப்பசி மழையில் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. தனியே வாழும் வயோதிகத் தாய் ஒருவர் அரிசிப் பானையைக் கட்டிலின் மேல் தூக்கி வைத்துவிட்டு இரவு முழுவதும் விழித்திருந்தார். மறுநாள் ஆண்கள் கூடிச் சென்று முறையிட்டனர். “வேலை முடிந்து தொகையும் வழங்கியாகிவிட்டது, இனி என்ன செய்ய முடியும்” என்பதே அவர்களுக்குக் கிடைத்த பதில்.

பழைய சாலையின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போட வேண்டும் என்று, 2021ஆம் ஆண்டில் தலைமைச் செயலாளராக இருந்த திரு. வெ. இறையன்பு அவர்கள் அறிவுறுத்தல் அனுப்பியிருந்தார். செய்தித்தாள்களிலும் அது வந்தது. வேலை தொடங்கும் நாளை முன்கூட்டியே அறிந்து, அந்த அறிவுறுத்தலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு பேர் தெருமுனையில் நின்றிருந்தால், வேலையாட்கள் முதலில் சுரண்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்திருப்பார்கள். அந்தத் தாயாரின் இரவு வேறாக இருந்திருக்கும். உத்தரவும் உரிமையும் இருந்தன. உரிய நேரத்தில் செய்தி போய்ச் சேரவில்லை. குறை அது ஒன்றுதான்.

பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில், மக்கள் அனைவரும் அறிய வேண்டிய செய்தி ஏதேனும் இருப்பின் ‘அஸ்ஸலாத்து ஜாமிஆ’ என்ற அழைப்பு மதீனாவில் ஒலித்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். கிரகணம் பிடித்த நாளிலும் அந்த அழைப்பு எழுந்தது. தொழுகைக்குப் பின் முக்கிய அறிவிப்புச் செய்ய வேண்டிய போதும் எழுந்தது. மக்கள் மஸ்ஜிதில் கூடுவர். செய்தி ஒரே நேரத்தில் எல்லாருக்கும் சென்று சேரும். கலந்தாலோசனை எனப் பொருள்படும் ‘அஷ்ஷூரா’ என்ற பெயரிலேயே திருக்குர்ஆனின் 42ஆவது அத்தியாயம் அமைந்துள்ளது. ஆலோசனைக்கு முன் செய்தி வர வேண்டும். விவரம் அறியாதவனை ஆலோசனைக்கு அழைப்பது வெறும் சடங்காகிவிடும்.

நம் கோவை மாநகரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1866இல் நகராட்சியாகி, 1981இல் மாநகராட்சியாக உயர்ந்தது. 2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் ஆகிய நகராட்சிகளும் சுற்றியிருந்த பேரூராட்சிகளும் இணைந்தன. 100 வார்டுகள் உண்டாயின. அந்த ஆண்டின் கணக்கெடுப்புப்படி விரிவடைந்த மாநகரின் மக்கள் சுமார் 16 லட்சம். ஒரு மாமன்ற உறுப்பினருக்குச் சராசரியாகப் பதினாறாயிரம் பேர். அவர் எவ்வளவு நல்லவராயினும் ஒவ்வொரு வாசலுக்கும் வந்து சொல்லிவிட இயலாது.

மாமன்ற உறுப்பினரே இல்லாத காலமும் இருந்தது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடைபெற்றது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலரே எல்லா முடிவுகளையும் எடுத்தார். நகரின் பழைய பகுதியான 60 வார்டுகளுக்கு 24 மணி நேரக் குடிநீர் வழங்கும் 26 ஆண்டு கால ஒப்பந்தம், சூயஸ் நிறுவனத்தோடு 2018இல் செய்யப்பட்டது அந்தக் காலத்தில்தான். அத்திட்டம் நல்லதென்போரும் இருக்கிறார்கள், கூடாதென்போரும் இருக்கிறார்கள். அதில் தீர்ப்புச் சொல்வது இந்த மேடையின் வேலையன்று. ஆனால் ஊரில் விவாதம் சூடுபிடித்தது கையெழுத்து ஆன பிறகுதான் என்பதை மறுப்பார் இல்லை. சிறுவாணித் தண்ணீரின் சுவையைப் பெருமையாகச் சொல்லும் ஊர் இது. அந்தத் தண்ணீரை வீட்டுக்கு வீடு கொண்டுவரும் ஏற்பாட்டை 26 ஆண்டுகளுக்கு முடிவு செய்யும்போது, தெருக்கள் முன்னதாகப் பேசியிருக்க வேண்டாமா?

கிராமத்தார் இந்த வகையில் நம்மைவிடக் கொடுத்துவைத்தவர்கள். அன்னூரிலும் பொள்ளாச்சியிலும் உறவினர் உள்ளோருக்குக் கிராம சபை தெரிந்திருக்கும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, பின்னர் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியனவும் சேர்க்கப்பட்டன. நகரத்தாருக்கு அத்தகைய சபை நெடுங்காலம் இல்லை. மூன்று லட்சத்திற்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று கூறிய 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. தமிழகத்தில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் 2022இல் வகுக்கப்பட்டன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மல் பகுதியில் முதலமைச்சரே கலந்துகொண்டார்.

ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் வாக்காளர்களும் கூடிப் பேசும் இடம் பகுதி சபை. ஏரியா சபை என்று சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் அங்கே பேசும் உரிமை உண்டு. வீட்டுத் தலைவருக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு உரிமை இல்லத்தரசிக்கும் உண்டு. குழாயில் தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, எந்த மூலையில் குப்பை தேங்குகிறது, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்பதை நம் வீட்டுப் பெண்களே நன்கறிவர். அவர்களை விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் சென்று பேசினால் பாதி விவரம் வீட்டிலேயே தங்கிவிடும்.

வாளையாறைத் தாண்டினால் கேரளம். அங்கே 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளின் கைக்கு விடப்பட்டது. எதற்குச் செலவிடலாம் என்று சபைகள் கூடிப் பேசின. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தார் 1989 முதல் பகுதி பகுதியாகக் கூடி, நகர வரவு செலவில் தங்கள் தெருவுக்கு முதலில் எது வேண்டும் என்று வரிசைப்படுத்தினர். அம்முறையைப் பின்னர் உலகின் பல நகரங்கள் எடுத்துக்கொண்டன. முடிவு எடுக்கும் முன் மக்களுக்குச் சொல்லுதல் என்ற எளிய பழக்கமே இவ்விரண்டுக்கும் அடிப்படை.

ஒரு வேலை எவ்வாறு நகர்கிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் பொறியாளர் மதிப்பீடு தயாரிப்பார். பின்னர் அனுமதி, அதன் பின் டெண்டர், அதன் பின் பணி ஆணை, கடைசியில் மண்வெட்டி. நாம் மண்வெட்டியைப் பார்த்த பிறகே வாய் திறக்கிறோம். மதிப்பீட்டின் கட்டத்தில் பேசினால் ஒரு வரியைச் சேர்க்கலாம். பணி ஆணைக்குப் பின் பேசினால் சண்டை மட்டுமே மிஞ்சும். பாதாளச் சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் பதித்த பின்னர்ச் சாலை போட வேண்டும். இந்த வரிசை மாறினால் போட்ட சாலையை மறுபடியும் தோண்டுவார்கள். அந்த வரிசையைத் தெருவில் ஒருவர் கண்காணித்துக்கொண்டிருந்தாலே பொதுப்பணம் வீணாவது குறையும்.

ஆகவே நலச் சங்கத்திற்கும், அதில் உள்ள நம் ஜமாஅத்தாருக்கும் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, கூட்ட அறிவிப்பு குறைந்தது ஒரு வாரத்திற்கு முன் தெருவை அடைய வேண்டும். நாள், நேரம், இடம், பேசப்படும் பொருள் ஆகிய நான்கும் தமிழில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம் என்று ஓய்ந்துவிடலாகாது. அந்த வயோதிகத் தாயாரிடம் அத்தகைய கைபேசி இல்லை. அவருக்கு ஒரு பிள்ளை போய்ச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நம் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் நம்மவர் மட்டுமே அறிவர். நியாயவிலைக் கடை, அங்கன்வாடி, தேநீர்க்கடை, கோயில் வாசல் ஆகிய இடங்களிலும் அதே தாள் ஒட்டப்பட வேண்டும். முஸ்லிம்களுக்கென்று தனியாக ஒரு நலச் சங்கம் வேண்டும் என்று சில இளைஞர்கள் என்னிடம் கூறினர். நான் அதை ஏற்கவில்லை. சாக்கடை நிரம்பினால் யார் வாசல் என்று பார்த்து நுழைவதில்லை. 1998இன் காயங்களைக் கண்ட ஊர் இது. பக்கத்து வீட்டுக்காரர் முன்போல் நம் வாசலுக்கு வந்து பேசுவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசவேனும் ஒரே பாயில் அமர்வோம்.

மூன்றாவது, கூட்டம் முடிந்ததும் அரைப் பக்க அறிக்கை ஒன்று எழுதி ஒட்ட வேண்டும். யார் என்ன கேட்டார், என்ன பதில் கிடைத்தது, எந்தத் தேதிக்குள் செய்வதாக ஒப்புக்கொண்டனர் என்ற விவரம் அதில் இருக்கட்டும். தேதி எழுதப்படாத வாக்குறுதியை அடுத்த கூட்டத்தில் நினைவூட்ட இயலாது.

நான்காவது, உறுதி செய்யாத செய்தியைப் பரப்பலாகாது. வந்த செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்பதை அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. “வீடுகளை இடிக்கப்போகிறார்கள்” என்று ஒருவர் சொல்ல, தெருவே உறக்கமிழந்த கதைகள் உண்டு. ஐயமிருந்தால் கேட்பதற்கு வழி இருக்கிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. 10 ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு விண்ணப்பம் எழுதினால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மதிப்பீட்டின் நகலையும் பணி ஆணையின் நகலையும் அவ்வாறே கேட்டுப் பெறலாம். நம் மஹல்லாவில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் கித்மத்தே.

ஐந்தாவது, சங்கத்தில் கட்சி நுழையக் கூடாது. எந்தக் கட்சியின் மாமன்ற உறுப்பினராயினும் நல்லது செய்தால் நன்றி சொல்வோம். செய்யாவிடில் கண்ணியமாகக் கேட்போம். சங்கத்தின் கடிதத்தாள் எவருடைய தேர்தல் துண்டறிக்கையும் ஆகிவிடக் கூடாது.

கண்ணியத்திற்குரியவர்களே! பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னார்கள். பாதையில் கிடக்கும் கல்லை ஒருவர் தனியே எடுத்துப் போடலாம். பாதையே கோணலாகப் போடப்படுமாயின் அதைத் தனியொருவரால் நிமிர்த்த முடியாது. அதற்குப் பலர் முன்னதாகக் கூட வேண்டும். பலர் கூடுவதற்கு எவரேனும் ஒருவர் முன்னதாகச் சொல்ல வேண்டும். கூட்டம் உண்டென்று அறிந்திருந்தும் அண்டை வீட்டாருக்குச் சொல்லாமல் தாம் மட்டும் சென்று தம் வாசலுக்கு மட்டும் விளக்குக் கேட்டு வருபவர், அமானத்தைத் தம் பையில் போட்டுக்கொண்டவர் ஆவார்.

அடுத்த பகுதி சபைக்கு நாள் குறிக்கப்பட்டதும் ஜும்ஆவுக்குப் பின் இங்கே அறிவிக்கப்படும், இன்ஷா அல்லாஹ். அதைக் கேட்டவர் ஒவ்வொருவரும் கேளாத இரண்டு வீடுகளுக்குச் சொல்லுங்கள். அவற்றுள் ஒன்று பிற சமயத்துச் சகோதரர் வீடாக இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் தெருக்களையும் நம் உள்ளங்களையும் சீராக்குவானாக. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை உரியவரிடம் சேர்ப்பிக்கும் நல்லோராக நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.