பழைய பிக்கப்பும் பாடுபட்ட பணமும்

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர், வீட்டு வேலிகளுக்கு உட்புறம் தென்னை நிழலில் ஒதுங்கி நிற்கும் பழைய வாகனங்கள் சிலவற்றைக் கண்டிருப்பீர்கள். சக்கரம் மண்ணில் புதைந்திருக்கும். இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் வட்டையிலிருந்து நெல்லையும், கரைவலை வாடியிலிருந்து மீனையும், மருதமுனைத் தறிகளிலிருந்து சாரத்தையும் சுமந்து ஓடிய பிக்கப்புகள் அவற்றுள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வண்டியைக் குறைந்த செலவில் மீண்டும் ஓடச்செய்வது எங்ஙனம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இது பொழுதுபோக்குக்கான பேச்சன்று. நமது கரையோரத்துக்கு இரயில் பாதை கிடையாது. அது மட்டக்களப்போடு நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே பொருள்களெல்லாம் தெருவழியேதான் செல்லவேண்டும். 1949ஆம் ஆண்டளவில் கல்லோயாத் திட்டம் தொடங்கிய பின்னர் உள்நாட்டு வயல்களும், 1961இல் தனி மாவட்டமாகிய பின்னர் அம்பாறை நகரமும் நமது கரையோர வணிகத்துக்குப் புதிய சந்தைகளாயின. சிறு வியாபாரிக்கு அந்நாள் முதல் ஒரு சுமைவண்டி பாதி மூலதனமாகிவிட்டது.

இந்த மூலதனத்தைத் தேடிக்கொள்வது எப்போதும் எளிதாக இருந்ததில்லை. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி மிகவும் சுருங்கியது. 1977க்குப் பின்னரே கதவு அகலத் திறந்தது. 2020 மார்ச்சில் அக்கதவு மீண்டும் அடைக்கப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேதான் உயர்ந்த வரிகளோடு திறக்கப்பட்டது. கதவு அடைபட்ட போதெல்லாம் பழைய வண்டியின் விலை ஏறியது. அதைத் திருத்தத் தெரிந்த கைகளின் மதிப்பும் ஏறியது. ஆகவே, ஒரு குடும்பம் பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கொண்டு பழைய வண்டி ஒன்றை வாங்குகையில், அப்பணம் வீதியில் ஓடுமா, வேலிக்குள் துருப்பிடிக்குமா என்பது அக்குடும்பத்தின் வாழ்வைத் தீர்மானிக்கும் கேள்வியாகும்.

பேச்சு பொதுவாகப் போய்விடாதிருக்க, ஒரு வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மொறிஸ் மைனர் என்னும் பெயர் நம் நாட்டில் அறியாதார் இல்லை. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியாளர் வடிவமைத்த அந்தக் கார் 1948இல் வெளிவந்தது. அதன் பிக்கப்பும் மூடுவண்டியும் 1953இல் தோன்றின. எல்லா வகைகளும் சேர்ந்து பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் 1970களின் தொடக்கம் வரை உற்பத்தியாயின. காருக்கும் பிக்கப்புக்கும் முகம் ஒன்றாயினும் முதுகெலும்பு வேறு. காரில் உடலே சட்டமாக அமைந்திருக்க, பிக்கப்புக்குத் தனியாக ஒரு சேசிஸ், அஃதாவது அடிச்சட்டம், உண்டு. திருத்துவோருக்கு இது பெரும் வசதி. மேற்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு அடிச்சட்டத்தைத் தனியே சீர்செய்யலாம்.

இந்த வண்டிக்கும் இலங்கைக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் ஒன்றை நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், நன்றாகச் செய்யப்பட்ட பழைய வண்டியைத் தொடர்ந்து பேணுவது புதியதை அடிக்கடி வாங்குவதிலும் சிக்கனமானது என்று வாதித்து 1982இல் ஒரு நூலே எழுதினார். உற்பத்தி நின்றுபோன அவ்வண்டிக்கு வேண்டிய உடற்தகடுகளை 1990களில் இலங்கைத் தொழிலாளர்கள் செய்து அங்கு அனுப்பினர். பிறந்த நாட்டில் கிடைக்காத தகட்டை நம் நாட்டுக் கைகள் தட்டி உருவாக்கின என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. புதிய வண்டியின் விலையில் பெரும்பகுதி கடல் கடந்து செல்கிறது. பழைய வண்டியின் திருத்தக் கூலியோ பெரும்பாலும் ஊரிலேயே தங்குகிறது.

இனிச் செய்முறைக்கு வருவோம். வண்டியை வாங்குமுன் முதலில் பார்க்கவேண்டியது எஞ்சினையல்ல, பத்திரங்களை. பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கவேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அம்மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டுள்ளதா என்று அறியவேண்டும். நிதி நிறுவனம் ஒன்றின் உரிமை இன்னும் நீங்காதிருக்கிறதா, வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லை என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும். பத்திரம் இல்லாத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது இரும்புக்கடைச் சரக்கேயாகும். அந்த விலைக்கு மேல் அதற்கு ஒரு சதமும் கொடுக்கலாகாது.

இரண்டாவது, துரு. மாரியில் வாடைக்காற்று கடலிலிருந்து உப்பை அள்ளிவந்து இரும்பின்மீது பூசுகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடலே ஊருக்குள் புகுந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் நமது மாவட்டம். அந்தத் துயரத்தின் முன் வாகனங்களின் இழப்பு சிறியதே. எனினும், அன்று உப்புநீரில் மூழ்கிய வாகனங்களும் இருந்தன என்பதை வாங்குவோர் நினைவிற் கொள்ளவேண்டும். உப்பு, பெட்டிபோல் மூடிய சட்டங்களின் உட்புறத்தில் தங்கிப் பல ஆண்டுகள் அமைதியாக வேலை செய்யும்.

துருவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஒரு சிறு சுத்தியலும், ஒரு திருகாணிச் செலுத்தியும், ஒரு காந்தத் துண்டும் போதும். அடிச்சட்டத்தின் நீளம் முழுவதும் சுத்தியலால் மெல்லத் தட்டிச் செல்லுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். பின்பக்க ஸ்பிரிங் தகடுகள் சட்டத்தோடு பொருந்துமிடங்களைச் செலுத்தியின் முனையால் குத்திப் பாருங்கள். பளபளக்கும் கதவின்மீது காந்தத்தை வைத்துப் பாருங்கள். அது ஒட்டாத இடத்தில் தகடு இல்லை. பட்டி பூசி நிறம் அடித்திருக்கிறார்கள். கதவின் ஓட்டை மன்னிக்கத்தக்கது. அடிச்சட்டம் பல இடங்களில் அரித்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். உதிரிப்பாகங்களுக்காக வேண்டுமானால் அதை வாங்கலாம்.

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். முதல் வேலையாக நிறம் அடித்து, இருக்கைக்கு உறை தைத்து, அயலாருக்குக் காட்டி மகிழ்கிறார்கள். எஞ்சினைக் கழற்றும் நாளில் கையில் பணம் இராது. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லாமல் நிற்கும் கதை இது. திருத்த வேலைக்கென வைத்திருக்கும் தொகையைப் பத்துப் பங்காகப் பிரித்துக்கொள்வது நல்லது. நான்கு பங்கு அடிச்சட்டம், பிரேக், ஸ்டியரிங், சக்கரங்கள் ஆகியவற்றுக்கு; மூன்று பங்கு எஞ்சினுக்கு; ஒரு பங்கு மின்கம்பிகளுக்கு; எஞ்சிய இரண்டு பங்கு எதிர்பாராத செலவுக்கு. நிறத்துக்குப் பங்கு எங்கே என்று கேட்பீர்கள். அந்த இரண்டு பங்கில் மீதி இருந்தால் நிறம் அடிக்கலாம். இல்லாவிடில் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு ஒன்றை மட்டும் பூசிவிட்டு அடுத்த போகம் வரை காத்திருக்கலாம். வெளுத்த நிறத்தினால் எவரும் விபத்துக்குள்ளானதில்லை.

பிரேக்கைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். இக்காலத்து வண்டிகளில் பிரேக் எண்ணெய் இரு தனிவழிகளாகச் செல்லும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். மொறிஸ் மைனரில் வழி ஒன்றே. எங்கேனும் ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரங்களும் பிடி இழக்கும். பின்னர் கைப்பிரேக் ஒன்றே துணை. ஆகவே நீண்டநாள் நின்ற வண்டியில் இறப்பர்க் குழாய்களையும், சிலிண்டர்களுக்குள் இருக்கும் இறப்பர் வளையங்களையும் பார்த்துத் தேர்ந்தெடுத்து மாற்றாமல், முழுவதையும் மாற்றிவிடவேண்டும். பழைய பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். அத்தூசியை ஊதி அகற்றாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அது நுரையீரலுக்குக் கேடு.

இவ்வண்டியின் முன்சக்கரங்களைத் தாங்கும் சுழல்மூட்டு இன்னொன்று. பொறியாளர் அதனை ட்ரனியன் என்பர். திருகாணி மரைபோன்ற அமைப்புடைய இது கிறீஸ் இல்லாமல் தேய்ந்துபோனால், ஒருநாள் மூட்டு கழன்று சக்கரம் வண்டிக்கடியில் மடிந்துவிடும். ஏறத்தாழ 1000 மைலுக்கு, அஃதாவது 1600 கிலோமீற்றருக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்றினால் இவ்வாபத்து நேராது. சில ரூபாக் கிறீஸ் உயிரைக் காக்கும் இடம் இது.

அடுத்தது எஞ்சின். இறுகிப்போன எஞ்சினைக் கண்டதும் மனந்தளர வேண்டாம். வண்டியைக் கட்டி இழுத்துச் சுற்ற வைக்கவும் வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது மெல்லிய எண்ணெய் விட்டுச் சில நாட்கள் ஊறவிடுங்கள். பின்பு முன்புறக் கைப்பிடியால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இங்கே பொறுமைக்குச் சொன்ன பழமொழி. பல எஞ்சின்கள் இவ்வாறே விடுபட்டிருக்கின்றன. பழைய பெற்றோல் பிசினாக மாறித் தாங்கியிலும் காபரேற்றரிலும் அடைத்திருக்கும். இரண்டையும் கழுவியே புதிய பெற்றோல் விடவேண்டும்.

எஞ்சின் சுழலத் தொடங்கியதும் அழுத்தமானியால் ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து பாருங்கள். ஒன்றில் அழுத்தம் குறைவாயின், அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளவுங்கள். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. உயராவிடில் குறை வால்வுகளிலே, அல்லது தலைப்பாகத்து கஸ்கற்றிலே இருக்கலாம். ஐந்து நிமிடச் சோதனை இது. ஆனால், முழு எஞ்சினையும் பிரிக்கவேண்டுமா, மேற்பாகத்தை மட்டும் கழற்றினாற் போதுமா என்பதை இது சொல்லிவிடும். அதிலே மிஞ்சும் பணம் சிறிதன்று. மேற்பாகம் கழற்றப்படுமாயின் இன்னொரு வேலையையும் சேர்த்துச் செய்துவிடலாம். அக்காலத்து எஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்காக அமைக்கப்பட்டவை. இலங்கையில் 2002ஆம் ஆண்டோடு ஈயப் பெற்றோல் நின்றுவிட்டது. புகைவால்வு அமரும் இடங்களில் கடினப்படுத்திய வளையங்களைப் பொருத்தினால், ஈயமில்லாப் பெற்றோலில் அவை விரைவில் தேயா.

மின்சாரப் பகுதியில் ஓர் எச்சரிக்கை. இக்கால வண்டிகளில் பற்றரியின் எதிர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். மொறிஸ் மைனரில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பின்னர் சிலர் மாற்றியும் இருப்பர். எந்த முனை உடலோடு சேர்ந்துள்ளது என்று பாராமல் புதிய பற்றரியை இணைத்தால், பொருத்திய கருவிகள் கருகிவிடலாம். உறை உதிரும் பழைய கம்பிகளுக்கு நாடா சுற்றிக் காலங்கடத்துவதும் நல்லதன்று. தீப்பிடிக்கும் வண்டிகளில் பல அங்கேதான் தீப்பிடிக்கின்றன.

உதிரிப்பாகங்களுக்காகக் கொழும்பிலே பஞ்சிகாவத்தைக் கடைகள் உண்டு. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒருமுறை கொழும்பு சென்றால் பேருந்துச் செலவே ஒரு பாகத்தின் விலையாகிவிடும். வண்டியை முழுமையாகப் பிரித்து, தேவையானவற்றை ஒரே பட்டியலாக எழுதிக்கொண்டு, பழைய பாகங்களையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். தேய்ந்த பித்தளைப் புஷ் போன்ற சிறு பாகங்களை நமது நகரங்களிலுள்ள கடைசற் பட்டறைகளிலேயே செய்வித்துக்கொள்ளலாம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் சேர்ந்த பாகங்களை மட்டும் மலிவு தேடி வாங்கலாகாது.

வண்டி ஓடத் தொடங்கிய பின்னரும் ஒன்று உண்டு. தொடக்க காலத்து மொறிஸ் மைனர் பிக்கப்பு கால் தொன் சுமைக்கு, அஃதாவது ஏறத்தாழ 250 கிலோவுக்கு அமைக்கப்பட்டது. மீன்பெட்டிகளை அடுக்கடுக்காக ஏற்றிச் செல்வோர் இதை மறந்துவிடுகிறார்கள். ஐஸ் உருகி வழியும் உப்புநீர், சரிசெய்த சட்டத்தை இரண்டே ஆண்டில் மீண்டும் அரித்துவிடும். மீன் ஏற்றும் வண்டியை ஒவ்வொரு நாள் மாலையிலும் நன்னீரால், குறிப்பாக அடிப்பாகத்தை, கழுவியே நிறுத்தவேண்டும்.

நேயர்களே, பழைய வண்டியைத் திருத்துவதில் நாம் காப்பாற்றுவது ஓர் இரும்புக் கூட்டை மாத்திரமன்று. தட்டி ஒலிகேட்டுத் துருவை அறியும் செவியும், அழுத்தமானியைப் பார்த்து எஞ்சினின் நோயைச் சொல்லும் அறிவும் ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் பட்டறையிலேதான் கைமாறுகின்றன. உங்கள் பிள்ளை வண்டியின் கீழே படுத்துக் கிறீஸ் பூசிய கையோடு எழுந்து வருமாயின் கடிந்துகொள்ளாதீர்கள். அது ஒரு தொழிலின் முதற் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்லக்கூடியது இது: பத்திரத்தைப் பாருங்கள், அடிச்சட்டத்தைத் தட்டுங்கள், பிரேக்குக்குப் பணத்தை ஒதுக்குங்கள். மற்றவை ஒவ்வொன்றாகத் தாமே ஒழுங்குக்கு வரும்.