தலைவருக்குப் பக்கத்து அறையில் இருப்பவர்கள் யார்? – சிதம்பரம் பயிலரங்க உரை

(ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் நடந்த மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணிப் பயிலரங்கில் பேசியது. வர முடியாத தோழர்கள் எழுத்தில் கேட்டதால் முழு உரையும் இங்கே. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.)



எனக்குக் கொடுத்த தலைப்பு "பிரதமர் அலுவலகம்: பிரான்ஸும் நாமும்". பிரான்ஸ் எதுக்குன்னு சிலருக்குத் தோணும். நமக்கு பிரான்ஸ்னா பாண்டிச்சேரி, வீக்எண்டு, அவ்வளவுதான். ஆனா ஒரு விஷயம். ஒரு நாட்டுத் தலைவரைச் சுத்தி உட்கார்ந்து முடிவு எடுக்க வைக்கிற ஆட்கள் யாரு, அவங்களை எப்படிக் கட்டுக்குள்ள வைக்கிறது என்ற கேள்விக்கு சட்டம் போட்டுப் போட்டு, தப்பு நடந்து, திரும்ப சட்டம் போட்டுப் பார்த்த நாடு அது. அதனால அங்கிருந்து ஆரம்பிப்போம். முடிக்கும்போது நம்ம தென்பெண்ணை ஆத்துக்கு வந்துடுவோம்.

2024ஆம் ஆண்டில் மட்டும் பிரான்ஸ் 4 பிரதமர்களைப் பார்த்தது. எலிசபெத் போர்ன், கப்ரியேல் அத்தால், மிஷேல் பார்னியே, பிரான்சுவா பாய்ரு. நியூஸ்ல நாம பார்த்தது இந்த நாலு முகம். நாம பார்க்காதது, ஒவ்வொரு தடவையும் இவங்களோட சேர்ந்து பெட்டி கட்டிட்டுப் போன ஆட்களை. பாரிஸ்ல பிரதமர் அலுவலகத்துக்குப் பேரு மத்தின்யோன் மாளிகை, 1930களில் இருந்து அங்கதான் இயங்குது. அதுக்குள்ள பிரதமரோட சொந்த ஆலோசகர் கூட்டம் ஒண்ணு இருக்கு. அதை அவங்க "கேபினே"ன்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல கேபினட்னா அமைச்சரவை. அங்க அப்படி இல்ல. அமைச்சரோ பிரதமரோ தனக்குன்னு வெச்சுக்கிற ஆலோசகர் குழுதான் கேபினே. பிரதமர் போனா அந்தக் குழுவும் அன்னைக்கே காலி.

அதுல தலைமை ஆள் கேபினே இயக்குநர். பயணம், நேரம், பாதுகாப்பு ஏற்பாடு பார்க்கிறவர் வேற. அப்புறம் நிதிக்கு ஒரு ஆலோசகர், வேளாண்மைக்கு ஒருத்தர், சுகாதாரத்துக்கு ஒருத்தர், பத்திரிகைக்கு ஒருத்தர். இவங்க யாரும் தேர்தலில் நின்னவங்க இல்ல. ஆனா இவங்க கையில என்ன இருக்குன்னு பாருங்க.

ரெண்டு அமைச்சகத்துக்கு நடுவுல சண்டைன்னு வெச்சுக்குங்க. வேளாண்மை ஒண்ணு கேட்குது, நிதி முடியாதுங்குது. அப்போ மத்தின்யோன்ல ஒரு கூட்டம் நடக்கும். தலைமை தாங்குறது பிரதமர் இல்ல, அவரோட ஆலோசகர். ரெண்டு தரப்பு ஆளும் எதிர்ல உட்கார்ந்து பேசுவாங்க. கடைசில பிரதமர் சார்பா இவர் முடிவு சொல்வார். அந்த முடிவை அரசின் தலைமைச் செயலகம்னு ஒரு நிரந்தர அமைப்பு எழுதி எல்லா அமைச்சகத்துக்கும் அனுப்பும். அந்தத் தாளுக்குப் பேரே "நீலம்". அதுல ஏறிட்டா, அதுதான் பிரதமரோட முடிவு. அமைச்சரே ஆனாலும் அதை மாத்தணும்னா பிரதமர்கிட்ட நேரா போய்த்தான் பேசணும்.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஓட்டு வாங்காத ஒருத்தர், ஓட்டு வாங்கினவரோட துறைக்கு முடிவு சொல்றார். அது ஆபத்து. ஆனா என்ன முடிவு, எந்தக் கூட்டத்துலன்னு எழுத்துல இருக்கு. அது பாதுகாப்பு.

இந்த அறைக்கு எவ்வளவு பவர் இருக்குன்னு சொல்ல ஜார்ஜ் பொம்பிடு கதை போதும். 1958ல் டி கோல் பிரதமரா வந்தப்போ அவருக்குக் கேபினே இயக்குநர் பொம்பிடு. நாலே வருஷத்துல, 1962ல் அவரே பிரதமர். அதுவரைக்கும் எந்தத் தேர்தலிலும் நின்னு ஜெயிச்சதில்ல. அவர் பிரதமர் ஆனதும் தன் கேபினேல ஒரு இளைஞரைச் சேர்த்தார், பேரு ஜாக் சிராக். பொம்பிடு பின்னாடி குடியரசுத் தலைவர். சிராக் ரெண்டு தடவை பிரதமர், அப்புறம் அவரும் குடியரசுத் தலைவர். ஃபைல் தூக்கிட்டு நிக்கிறவங்கன்னு நாம நினைக்கிற ஆட்கள்தான் இவங்க!

சரி, கட்டுப்பாடு என்ன? 1948லேயே விதி போட்டாங்க: ஆலோசகர் நியமனம் அரசிதழில் பேரோட வரணும். கேபினேகள்ல எத்தனை பேர் வேலை பார்க்கிறாங்க, எவ்வளவு செலவுன்னு ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்டோட சேர்த்து நாடாளுமன்றத்துக்கு இணைப்பு போகும். 2013ல் ஒரு அமைச்சரோட ரகசிய வெளிநாட்டு வங்கிக் கணக்கு வெளிய வந்து பெரிய அசிங்கம் ஆச்சு. அதுக்கப்புறம் வந்த சட்டப்படி ஆலோசகர்களும் சொத்துக் கணக்கும், யார் யாரோட என்ன தொடர்புங்கிற கணக்கும் தனி ஆணையத்துக்குக் கொடுக்கணும். பதவி விட்டுட்டுத் தனியார் கம்பெனிக்குப் போறதா இருந்தா 3 வருஷத்துக்கு அந்த ஆணையத்தோட அனுமதி வேணும். 2017ல் இன்னொண்ணு. முன்னாள் பிரதமர் பிய்யோன், நாடாளுமன்ற உதவியாளர்னு தன் மனைவி பேர்ல சம்பளம் வாங்கின விவகாரம் வெடிச்சது. அந்த வருஷமே, அமைச்சர்கள் மனைவி, கணவர், பிள்ளை, அப்பா அம்மாவைத் தங்கள் கேபினேல வைக்கக்கூடாதுன்னு சட்டம். மீறினா 3 வருஷம் சிறை, 45,000 யூரோ அபராதம். (இதைச் சொன்னப்போ அரங்கத்துல வந்த சிரிப்பை எழுத்துல கொண்டுவர முடியல.)

அங்க எல்லாமே சொர்க்கம்னு சொல்ல வரல. அரசு வெளி ஆலோசனை நிறுவனங்களுக்குக் கொட்டின பணம் 2021ல் மட்டும் 100 கோடி யூரோவைத் தாண்டுச்சுன்னு அவங்க செனட் குழுவே 2022ல் அறிக்கை கொடுத்தது. கேபினேக்கு ஆள் எண்ணிக்கையில வரம்பு போட்டா, வேலை கம்பெனிக்குப் போயிடுது. அமைச்சர் ஒருத்தருக்கு 10 ஆலோசகர்தான்னு 2017ல் போட்ட வரம்பையே 2020ல் 15 ஆக்க வேண்டி வந்தது.

இப்போ நம்ம பக்கம்.

சென்னை மாகாணத்தோட முதல் முதலமைச்சர் யாருன்னு கேட்டா பல பேர் ராஜாஜின்னு சொல்வாங்க. இல்ல. 1920 டிசம்பரில் பதவியேற்ற நீதிக்கட்சியின் அ. சுப்பராயலு ரெட்டியார், நம்ம கடலூர்க்காரர். உடல்நலம் சரியில்லாம 1921 ஜூலையில் விலகிட்டார். அவர் பதவியேத்தது இரட்டையாட்சி முறையில. போலீஸ், நிதி, நிலவரி எல்லாம் ஆளுநர் தரப்பு கையில. கல்வி, சுகாதாரம் மாதிரி மிச்சம்தான் அமைச்சருக்கு. அந்த மிச்சத்துலயும் ஒரு வில்லங்கம்: அமைச்சருக்குக் கீழ இருக்கிற துறைச் செயலாளர், அமைச்சரைத் தாண்டி நேரா ஆளுநரைப் பார்த்துப் பேசலாம். நம்ம ஊர்க்காரர் நாற்காலியில உட்கார்ந்தார், ஆனா அவர் மேசைக்கு வர்ற அதிகாரி வேற ஒருத்தருக்குப் பதில் சொல்றார். பக்கத்து அறை யாருக்கு விசுவாசமா இருக்குங்கிற கேள்வி நமக்கு அப்பவே வந்துடுச்சு.

டெல்லியில இந்த அறை பெருசானது சாஸ்திரி காலத்துல. 1964ல் எல்.கே. ஜாவைச் செயலாளரா வெச்சு பிரதமர் செயலகத்தைப் பலப்படுத்தினார். இந்திரா காந்திக்கு பி.என். ஹக்சர். 1969 வங்கி தேசியமயம் வரைக்கும் அவர் கை இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்துல எந்தப் பதவியும் இல்லாத சஞ்சய் காந்தி என்னவெல்லாம் செஞ்சார்ங்கிறது ஷா கமிஷன் வரைக்கும் போன கதை. 1977ல் மொரார்ஜி வந்து செயலகம்ங்கிற பேரை 'அலுவலகம்'னு குறைச்சார். பேர்தான் குறைஞ்சது.

பிரான்ஸையும் நம்மையும் ஒரே கதையில கட்டிப்போட்ட சம்பவம் 1985 ஜனவரியில நடந்தது. பிரதமர் அலுவலக உதவியாளர்கள் சிலர் ரகசியக் கோப்புகளை வெளிய கொடுக்க, கூமர் நாராயண்ங்கிற கம்பெனி ஆள் அதையெல்லாம் நகல் எடுத்து வெளிநாட்டுக்காரங்களுக்கு வித்தது கண்டுபிடிச்சாங்க. வாங்கினவங்கள்ல பிரான்ஸும் உண்டு. அவங்க தூதரக ராணுவ அதிகாரி நாட்டை விட்டு அனுப்பப்பட்டார். பிரதமரின் முதன்மைச் செயலாளர் பி.சி. அலெக்சாண்டர் மேல எந்தக் குற்றச்சாட்டும் இல்ல. ஆனா சிக்கினவர்கள்ல அவரோட சொந்த உதவியாளரும் ஒருத்தர். தார்மிகப் பொறுப்பேத்து ராஜினாமா பண்ணிட்டார். இதே அலெக்சாண்டர்தான் 1988ல் நம்ம தமிழ்நாட்டு ஆளுநரா வந்தவர். பக்கத்து அறைக்கும் பக்கத்து அறைன்னு ஒண்ணு இருக்கு, தட்டச்சு மேசை. அங்கிருந்துதான் ஓட்டை விழுந்தது.

இனி சென்னைக் கோட்டை. 2021 மே மாதம் புது ஆட்சி வந்ததும் முதல்வருக்கு 4 செயலாளர்கள்: உதயசந்திரன், உமாநாத், எம்.எஸ். சண்முகம், அனு ஜார்ஜ். துறைகளைப் பங்கு போட்டு ஆளுக்குக் கொஞ்சம். ஒரு துறையோட முக்கியக் கோப்பு முதல்வர்கிட்டப் போகணும்னா இவங்கள்ல ஒருத்தர் மேசையைத் தாண்டித்தான் போகும். அதே வருஷம் பொருளாதார ஆலோசனைக் குழு ஒண்ணும் அமைச்சாங்க: ரகுராம் ராஜன், ழான் த்ரேஸ், அரவிந்த் சுப்ரமணியன், எஸ். நாராயண், கூடவே பாரிஸ்ல பிறந்த நோபல் பொருளாதார நிபுணர் எஸ்தர் டஃப்லோ.

பொம்பிடு மாதிரி நம்ம ஊர்லயும் இந்த அறை ஒரு ஏணிதான், ஆனா ஏர்ற இடம் வேற. முதல்வரின் முதல் செயலாளரா இருந்த முருகானந்தம் 2024 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் ஆனார். அவருக்கு முன்னாடி அந்தப் பதவியில இருந்த சிவ்தாஸ் மீனாவை சிதம்பரத்துக்காரங்களுக்கு நல்லாத் தெரியும். 2013ல் நிதி நெருக்கடியில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்தப்போ நிர்வாகியா வந்தவர். அவரும் முதல்வர் அலுவலகத்துல செயலாளரா இருந்தவர்தான்.

இவங்க மேல எனக்குத் தனிப்பட்ட குறை எதுவும் இல்ல. பணியில இருக்கிற ஐஏஎஸ் அதிகாரி வருஷாவருஷம் அசையாச் சொத்துக் கணக்கு கொடுக்கணும், அதை இணையத்துலயே பார்க்கலாம். இந்த விஷயத்துல பிரான்ஸை விட நாம ஒரு படி மேல, ஏன்னா அங்க ஆலோசகரோட கணக்கு ஆணையத்தோட நின்னுடும், மக்கள் பார்க்க முடியாது. என் கவலை அதிகாரி இல்லாத ஆலோசகர் பத்தி. ஓய்வு பெற்ற பிறகு ஆலோசகர்னு திரும்ப உட்கார வைக்கப்படுறவர். தேர்தல் வியூக நிறுவனத்துல இருந்து வர்றவர். 2021 மார்ச்சில் பஞ்சாப் முதல்வர் பிரசாந்த் கிஷோரை முதன்மை ஆலோசகரா வெச்சார். கேபினட் அமைச்சர் அந்தஸ்து, சம்பளம் 1 ரூபாய். ஆகஸ்ட்ல அவரே விலகிட்டார். 1 ரூபாய் சம்பளம்னா கைதட்டலாம். ஆனா அரசு ஊழியருக்கான நடத்தை விதி, சொத்துக் கணக்கு, வேற கம்பெனி வேலை பார்க்கக் கூடாதுங்கிற தடை, இதெல்லாம் அவருக்குப் பொருந்துமா? அந்தக் கேள்விக்கு இங்க தெளிவான சட்டம் இல்ல. எந்தக் கட்சி ஆட்சியா இருந்தாலும் இல்ல. நாளைக்கு நாமளே வந்தாலும் இல்ல.

இப்போ தென்பெண்ணைக்கு வர்றேன்.

2024 டிசம்பர் 2, ஃபெஞ்சல் புயல் மழை. விடியறதுக்கு முன்னாடி சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணி திறந்தாங்க. கடலூர் ஆத்தோர மக்களுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. இங்க உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேர் தண்ணிக்குள்ள நின்னு சோறு கொடுத்தவங்க. முன்னறிவிப்பு சரியா இல்லைன்னு எதிர்க்கட்சிகள் சொன்னாங்க. பல தடவை எச்சரிச்சுட்டுத்தான் திறந்தோம்னு அரசு சொல்லுச்சு. அன்னைக்கு எல்லாக் கட்சிப் பக்கத்துலயும் பதிவுகள் பறந்தது, அமைச்சர் படம், முதல்வர் படம், மீம்.

அணை நீர்வளத்துறை. வெள்ளம் வருவாய்த்துறை. கீழ இருக்கிற ஊர் வேற வேற கலெக்டர்கள். இத்தனை பேரையும் ஒரே இடத்துல இணைக்கிற நாற்காலி முதல்வர் அலுவலகம்தான். அந்த ராத்திரி அங்க யார் பொறுப்பு? எத்தனை மணிக்கு எந்தத் தகவல் வந்தது, என்ன சொன்னாங்க? பாரிஸ்ல ஒரு சாதாரண வேளாண் மானியச் சண்டைக்கே நீலத்தாள் இருக்கு. நமக்கு ஒரு ஆறு ஊருக்குள்ள வந்த ராத்திரிக்கு அப்படி ஒரு தாள் இருக்கான்னு யாரும் கேட்கல. இருந்தா, அரசு சொல்றது உண்மைன்னு ஒரே தாள்ல நிரூபணம் ஆகியிருக்கும். பொய்னாலும் அதே தாள் சொல்லியிருக்கும்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனுவோட நிக்கிற நம்ம அம்மாக்களுக்கு இது ரொம்ப தூரத்து விஷயம் மாதிரி தெரியலாம். அவங்க மனு "முதல்வரின் முகவரி" வரைக்கும் போய், திரும்ப அதே தாலுகா ஆபீசுக்கு வந்து, "நடவடிக்கை எடுக்கப்பட்டது"ன்னு மெசேஜ் வருது. எந்த மேசையில என்ன முடிவாச்சுன்னு தெரியாததுதான் அவங்க பிரச்சனையும்.

நாம செய்யக்கூடியது என்னன்னா, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(ஆ). ஒவ்வொரு அலுவலகமும் தன் அதிகாரிகள், ஊழியர்களோட அதிகாரம், கடமை, சம்பளம் எல்லாத்தையும் கேட்காமலே வெளியிடணும்னு அதுல இருக்கு. அதைக் காட்டி முதல்வர் அலுவலகத்துக்கு மனு போடுவோம். எந்தச் செயலாளர்கிட்ட இன்னைக்கு எந்தத் துறை? அரசு ஊழியர் அல்லாத ஆலோசகர் யாராவது உண்டா, எந்த ஆணையில, என்ன நிபந்தனையில? வெள்ள நேரத்துல துறைகளுக்கு வாய்மொழியா கொடுக்கிற உத்தரவை எழுத்துல பதிவு பண்ண என்ன நடைமுறை? மூணே கேள்வி. திட்டு வேண்டாம், மீம் வேண்டாம். எந்த அதிகாரியோட ஜாதியையும் குடும்பத்தையும் இழுக்கிற பதிவு நம்ம அணியில இருந்து வரவே கூடாது, அதைக் கண்டிப்பா சொல்றேன்.

மாதிரி மனுவை இன்னைக்கு ராத்திரி மாவட்டக் குழுவில் அனுப்புறேன். ஒன்றியத்துக்கு ஒருத்தர் பேர்ல போகட்டும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டணும், தபால் ரசீதை போட்டோ எடுத்து வெச்சுக்கணும். 30 நாள்ல பதில் வரணும். வந்தாலும் வராட்டியும் அடுத்த பயிலரங்கம் கடலூர்ல, அங்க அதைத்தான் முதல்ல எடுத்துப் பேசப் போறோம். கேள்வி இருக்கிறவங்க இப்போ கேட்கலாம்.