மூன்று நிமிஷத்தில் விஞ்ஞானம்

(ஓர் இரவுப் பள்ளியின் ஆண்டு விழாவில், பிள்ளைகள் எடுத்த விஞ்ஞானப் படத்தைத் திரையில் காட்டுவதற்கு முன் செய்யப்பட்ட சொற்பொழிவு)



துண்டு விளம்பரத்தில் நான் "விஞ்ஞானத்தின் மகிமை" என்பதைப் பற்றிப் பேசப் போவதாகப் போட்டிருக்கிறார்கள். மகிமை என்கின்ற வார்த்தை நமக்கு வேண்டாம். மகிமை பேசுவதற்கென்று ஊருக்கு ஊர் ஆட்கள் ஏற்கெனவே இருக்கின்றார்கள். அவர்கள் பிழைப்பில் நாம் போட்டிக்குப் போக வேண்டியதில்லை. மேலும் நான் விஞ்ஞானம் படித்தவனும் அல்ல. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அல்லது நான் அதை விட்டேன். அதற்குமேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் பழைய புத்தகக் கடையிலும், கேள்வி கேட்டு வசவு வாங்கினதிலும் சம்பாதித்ததேயாகும். ஆகையால் ஒரே ஒரு சங்கதியைத்தான் சொல்லப் போகின்றேன். நம் இரவுப் பள்ளிப் பிள்ளைகள் சென்ற வருஷம் இன்டர்நெட்டில் நடந்த ஒரு விஞ்ஞானக் கல்விப் படக்காட்சியில் கலந்து கொண்டார்களே, அதில் நடந்தது என்ன, அதில் நான் செய்த தப்பு என்ன என்பதே அது.

அது என்ன காட்சி என்று பின்னால் இருக்கும் பெரியவர்கள் கேட்கலாம். சொல்லுகின்றேன். பொருட்காட்சியில் ஒவ்வொருவரும் தங்கள் சரக்கைக் கடை பரப்பி வைப்பதுபோல், விஞ்ஞானம் கற்பிக்கின்றவர்கள் தாங்கள் செய்ததை மூன்று நிமிஷப் படமாக எடுத்து ஓரிடத்தில் வைப்பது. கடை இருக்குமிடம் தெருவல்ல, செல்போன். பார்க்கின்றவன் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. பார்த்துவிட்டுப் போய்விடாமல் படத்தின் கீழேயே கேள்வி எழுதலாம். படம் எடுத்தவன் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இந்த மாதிரிக் காட்சியை அமெரிக்காக்காரர்கள் 2015ம் வருஷம் தொடங்கி 2022 வரை வருஷந்தோறும் நடத்தினார்கள். "ஸ்டெம் ஃபார் ஆல்" வீடியோ ஷோகேஸ் என்று அதற்குப் பெயர். விஞ்ஞானம், தொழில் நுட்பம், எந்திரவியல், கணக்கு ஆகிய நான்கும் எல்லோருக்கும் என்பது அதன் பொருள். மாசச்சூசெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் டெர்க் என்று ஒரு ஸ்தாபனம் 1965 முதல் இருக்கின்றது. விஞ்ஞானத்தையும் கணக்கையும் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதே அதன் வேலை. அவர்கள்தான் நடத்தினார்கள். பணம் கொடுத்தது நேஷனல் சயன்ஸ் பவுண்டேஷன் என்ற சர்க்கார் ஸ்தாபனம். 1950ல் சட்டம் போட்டு ஏற்படுத்தினது. மே மாதத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் காட்சி நடக்கும். படம் மூன்று நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது. பண்டிதராயிருந்தாலும், பெரிய காலேஜ் புரொபசராயிருந்தாலும் அதே மூன்று நிமிஷந்தான்.

இதில் எனக்குப் பிடித்தது எது என்றால், காசு வாங்கினவன் கணக்குச் சொல்லுகின்றான் என்பதுதான். அந்தப் படங்களைப் போட்டவர்களில் பெரும்பாலோர் சர்க்காரிடம் மானியம் வாங்கி வேலை செய்தவர்கள். சர்க்கார் பணம் என்றால் யார் பணம்? உப்பு வாங்கினவனும் செருப்பு வாங்கினவனும் கொடுத்த வரிப்பணம். அந்த வரி கொடுத்தவன் வீட்டிலிருந்தபடியே, "நீ என் காசில் என்ன செய்தாய், என் பிள்ளைக்கு அதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்கவும், அதற்கு அந்தப் புரொபசர் சாதாரண பாஷையில் பதில் எழுதவும் ஒரு வழி ஏற்பட்டது. நம் ஊரில் உண்டியலில் காசு போட்டவன் யாராவது இப்படிக் கேட்டதுண்டா? கேட்டால் அவன் கதி என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

சிலர் சொல்லலாம், "இது என்ன ஐயா, சினிமாத் தமாஷ். விஞ்ஞானம் என்றால் புத்தகத்தில் இருக்கட்டுமே" என்று. இந்த ஆக்ஷேபணை மிகவும் பழையது. லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற இடத்தில் 1825ம் வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் சிறுவர்களுக்கென்று செய்கை காட்டி விஞ்ஞானப் பிரசங்கம் செய்யும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். அதில் 19 வருஷத்தின் வரிசைகளை மைக்கேல் பாரடே என்பவரே நடத்தினார். யார் இந்தப் பாரடே? கொல்லன் மகன். புத்தகம் தைக்கும் கடையில் வேலை பழகின பையன். தைக்க வந்த புத்தகத்தைத் தைப்பதற்கு முன் படித்துவிடுவான். கடைக்கு வந்த ஒருவர் 1812ல் டேவி என்ற பெரிய இரசாயன நிபுணரின் பிரசங்கத்துக்கு டிக்கெட் கொடுத்தார். பையன் போய்க் கேட்டு, குறிப்பெழுதி, அதைத் தானே புத்தகமாகத் தைத்து அந்த டேவிக்கே அனுப்பினான். அடுத்த வருஷம் அவரிடமே உதவியாளனாகச் சேர்ந்தான். பின்னாளில் மின்சாரத்தை உண்டாக்கும் வழியை உலகத்துக்குக் காட்டினவர் அவர்தான். அப்பேர்ப்பட்டவர் குழந்தைகளின் முன் எதை வைத்துப் பேசினார் தெரியுமா? ஒரு மெழுகுவர்த்தியை வைத்துப் பேசினார். வீட்டில் இருக்கிற பொருள். ஆனால் அதற்குள் இரசாயனம் முழுவதும் இருக்கின்றது.

(பாரடே பக்திமான். இதையும் சொல்லிவிடுகின்றேன். நமக்குச் சாதகமானதை மாத்திரம் சொல்லி மற்றதை மறைத்தால் பிறகு நமக்கும் புராணிகனுக்கும் என்ன வித்தியாசம்?)

அந்தப் பையனுக்கு ஒரு டிக்கெட் வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு இன்று டிக்கெட் வேண்டாம். இதுதான் விஷயம். இனி நம் கதைக்கு வருகின்றேன்.

நம் பள்ளியில் படிக்கும் பெண் ஒருத்தி, வயது பதின்மூன்று, மஞ்சளைப் பற்றிப் படம் எடுக்கலாம் என்றாள். ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவப்பாயிருக்கின்றது? மஞ்சளும் வெள்ளை, சுண்ணாம்பும் வெள்ளை என்று யாராவது சொல்லுவார்களா? மஞ்சள் மஞ்சளாயிருக்கின்றது, சுண்ணாம்பு வெள்ளையாயிருக்கின்றது, இரண்டும் சேர்ந்தால் இரத்தச் சிவப்பு. திருஷ்டி கழிகிறது என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். மஞ்சளுக்குள் குர்குமின் என்று ஒரு சாயப்பொருள் இருக்கின்றது. காரம் பட்டால் அது சிவக்கும். புளிப்புப் பட்டால் மறுபடியும் மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் சிவப்பு போய்விடுகின்றது. திருஷ்டி திரும்பி வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் சிரிக்கின்றாள். படத்தில் பார்ப்பீர்கள்.

முதல் நாள் படம் எடுத்தபோது சிவக்கவே இல்லை. செம்மண் நிறம்கூட வரவில்லை. என் முகத்தில்தான் சிவப்பு வந்தது. காரணம் என்னவென்று பார்த்தால், யாரோ ஒரு கிழவரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்த பழைய சுண்ணாம்பு. பல மாதம் காற்றுப் பட்டுக் காய்ந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கி வெறும் சுண்ணாம்புக்கல் தூளாகிவிடும். அதில் காரம் செத்துவிட்டது. நான் அந்தப் பகுதியை வெட்டி எறியச் சொன்னேன். பிள்ளைகள் மாட்டோம் என்றார்கள். இப்பொழுது யோசித்தால் அவர்கள் செய்தது சரி. மந்திரவாதிக்கு மந்திரம் பலிக்காவிட்டால் கூட்டத்தில் எவனோ தீட்டுள்ளவன் நிற்கின்றான் என்று உங்கள் தலையில் போடுவான். நாம் சுண்ணாம்பு பழசு என்று சொல்லிப் புதுச் சுண்ணாம்பு வாங்கி வரலாம். அந்தத் தோல்வி படத்தில் பத்து விநாடி அப்படியே இருக்கின்றது.

ஆனால் என் பெரிய தப்பு அதுவல்ல.

அந்தப் பெண் படத்தின் ஆரம்பத்தில், "என் ஆயா இந்தத் தெருவுக்கெல்லாம் துணி வெளுத்தவங்க. மஞ்சள் கறையில் சவுக்காரம் போட்டால் சிவக்கும், பயப்படாதே, அலசி வெயிலில் போட்டால் போய்விடும் என்று ஆயாதான் எனக்குச் சொன்னாங்க" என்று பேசியிருந்தாள். சவுக்காரத்தில் காரம் இருக்கின்றது, அதனால் சிவக்கின்றது. குர்குமின் வெயிலில் சிதைந்து போகும், அதனால் கறை போகின்றது. இரண்டு பெரிய உண்மைகளை அந்த அம்மாள் எந்தப் புத்தகமும் இல்லாமல் படித்துறையில் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். இந்த இடத்தை நான் என்ன செய்தேன்? எடுத்துவிட்டேன். எங்கெங்கோ இருப்பவர்கள் பார்ப்பார்களே, குழந்தையைக் கேவலமாக நினைப்பார்களே, தொழிலைச் சொன்னால் ஜாதியைத் தேடுவார்களே என்று நல்லெண்ணத்தோடுதான் எடுத்தேன். இருபது வருஷமாக மேடையேறிச் சுயமரியாதை பேசுகின்றவன் நான்!

அந்தப் பெண் சண்டை போடவில்லை. "ஐயா, ஆயா சொன்னதைத்தானே நான் செய்து பார்த்தேன்? ஆயாவை எடுத்துட்டா, நானே கண்டுபிடிச்சேன்னு ஆயிடுமே? அது திருட்டு இல்லையா?" என்று கேட்டாள்.

தோழர்களே! எனக்குப் பதில் வரவில்லை. எவனெவனோ உழைத்துக் கண்ட அறிவை எவனெவனோ தன் பேரில் எழுதிக் கொண்டான் என்று எத்தனை ஊரில் நான் கத்தியிருப்பேன்! அதையே நான் ஒரு செல்போனை வைத்துக்கொண்டு அரை நிமிஷத்தில் செய்யப் பார்த்தேன். அந்தப் பகுதியைத் திருப்பிச் சேர்த்தோம். மூன்று நிமிஷத்துக்கு மேல் போயிற்று. எனவே வேறு எதையாவது வெட்ட வேண்டியதாயிற்று. எதை வெட்டினோமென்றால், நான் பேசியிருந்த முன்னுரையை. அது இல்லாமல் படம் நன்றாகத்தான் இருக்கின்றது.

படம் வெளியானபின் முதல் இரண்டு நாள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு கேள்விகள் வந்தன. ஒருவர் கேட்டது இது: "சவுக்காரம் கடைக்கு வருவதற்கு முன் உன் ஆயாவின் ஆயா எதைப் போட்டு வெளுத்தார்கள்? அதில் மஞ்சள் சிவந்ததா?" அந்தப் பெண், "எனக்குத் தெரியாது. நாளைக்குச் செய்து பார்த்துச் சொல்கிறேன்" என்று எழுதினாள். நான் பக்கத்திலிருந்தேன். "தெரியாது" என்று எழுதுகின்றாளே என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. மறுநாள் ஆயாவைக் கேட்டு, ஏரிக்கரையிலிருந்து உவர்மண் கொண்டு வந்து, கரைத்துத் தெளிய வைத்து மஞ்சள் துணியில் ஊற்றினாள். சிவந்தது. அடுப்புச் சாம்பலைக் கரைத்தும் ஊற்றினாள். அதுவும் சிவந்தது, ஆனால் கொஞ்சம் மங்கலாக. இவ்வளவையும் பதிலாக எழுதினாள். கேட்டவர் யார், எந்த ஊர், என்ன ஜாதி ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. அவர் ஒரு கேள்வி கேட்டதால் இங்கே ஒரு புதுச் சோதனை நடந்தது. காட்சியில் கலந்து கொண்டதால் கிடைத்த லாபம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்லுவேன்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகின்றேன் என்றால், பொய்க்கு இருக்கின்ற வேகம் அப்படி. 1995ம் வருஷம் செப்டம்பர் 21ந்தேதி பிள்ளையார் பால் குடிக்கின்றார் என்று ஒரே நாளில் தேசம் முழுவதும் கிளம்பி, கடல் தாண்டியும் போயிற்று. உங்களில் வயதானவர்கள் வரிசையில் நின்றிருப்பீர்கள். விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து கொடுத்துக் காட்டினார்கள். கரண்டி விளிம்பிலிருந்து பாலைப் பரப்பு இழுவிசை இழுத்து, அது சிலையின்மேல் மெல்லிய படலமாக வழிந்து கீழே போவது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் அந்தச் சாயப்பாலைப் பார்த்தார்கள்? அன்று வதந்திக்குத் தந்தியும் டெலிபோனும் இருந்தன. இன்று ஒவ்வொருவர் மடியிலும் ஒரு செல்போன் இருக்கின்றது. காலையில் எழுந்தால் இன்ன எண்ணெயில் சர்க்கரை வியாதி போகும், இன்ன கல்லில் கடன் தீரும் என்று அதில் வருகின்றது. அதே செல்போனில் ஒரு பெண் சுண்ணாம்பு பழசு என்று சொல்லி மறுபடி செய்து காட்டுவதும் வரட்டுமே!

ஓட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் காட்சியில் ஜனங்கள் தேர்ந்தெடுத்தது, படம் எடுத்தவர்கள் தேர்ந்தெடுத்தது, காட்சியை நடத்தித் தந்தவர்கள் தேர்ந்தெடுத்தது என்று தனித்தனியாகப் பாராட்டு வைத்திருந்தார்கள். அது ஒரு மாதிரி நியாயம். ஏனெனில் ஜன ஓட்டு மாத்திரம் என்றால் சொந்தக்காரர் அதிகம் உள்ளவன் ஜெயிப்பான். நாங்கள் கலந்து கொண்டதில் ஜன ஓட்டு மாத்திரந்தான். பணக்காரப் பள்ளிக்கூடம் ஒன்று ஆகாயத்திலிருந்து படம் பிடித்து, வாத்தியம் வைத்து, பெற்றோர்களை எல்லாம் ஓட்டுப் போடச் சொல்லி முதலில் வந்தது. நமக்குக் கிடைத்தது மொத்தம் நாற்பத்தியொரு ஓட்டு. அதில் ஒன்று என்னுடையது. போட்டது சரியா என்று எனக்கு இன்னும் சந்தேகம். பிள்ளைகள் இரண்டு நாள் முகம் வாடியிருந்தார்கள். நானும் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அது அநியாயம்தான்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒன்று. பெண் பிள்ளை முகம் படத்தில் வருவதா என்று மூன்று வீட்டில் ஆக்ஷேபித்தார்கள். உங்கள் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். இன்டர்நெட்டில் அயோக்கியர்கள் இருக்கின்றார்கள் என்பது மெய். அதனால்தான் பிள்ளைகளின் பெயரும் ஊரும் படத்தில் இல்லை. பதில் எழுதும்போது பெரியவர் ஒருவர் கூடவே இருக்கின்றோம். முகம் வேண்டாமென்றால் கையை மாத்திரம் காட்டியும் எடுக்கலாம். ஆனால் பையன் முகம் வரலாம், பெண் முகம் வரக்கூடாது என்று மாத்திரம் சொல்லாதீர்கள். அந்த வீடுகளில் இரண்டு வீட்டுப் பெண்களின் கைகள் இந்தப் படத்தில் உவர்மண்ணைக் கரைக்கின்றன. மூன்றாவது வீட்டில் இன்னும் கதவு திறக்கவில்லை. நாளை மறுபடியும் போகின்றேன்.

இந்த வருஷத்துக் காட்சிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கின்றது. ஊருணித் தண்ணீரைப் பற்றி எடுக்கலாமென்று பையன்கள் சொல்லுகின்றார்கள். வேப்பெண்ணெய் விளக்கைப் பற்றி என்று இன்னொரு கட்சி. எதுவானாலும் உங்கள் வீட்டில் ஆயாவும் தாத்தாவும் என்ன சொல்லுவார்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மெய்யா பொய்யா என்று பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

விளக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டுகின்றார்கள். படம் முடிந்ததும் கேள்வி கேளுங்கள். என்னைக் கேட்க வேண்டாம். அதோ, முதல் பெஞ்சியில் ஆயாவுடன் உட்கார்ந்திருக்கின்றாளே, அவளைக் கேளுங்கள்.