சுக்கு போன பிறகு

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், மிளகும் ஏலமும் அடுக்கிய பண்டகசாலைகளில் எங்காவது ஒரு பூனை மூட்டைமேல் படுத்திருக்கும். சாக்கைக் கடிக்கும் எலிக்காக வைத்தது. சம்பளம் கிடையாது, மீன் தலை உண்டு. அப்படியொரு பண்டகசாலையில் பிறந்து, எங்கள் மாடிப்படி ஏறி வந்தவள் சுக்கு. நிறமும் அதேதான். பதினான்கு வருஷம் இருந்தாள்.

கடைசி வருஷம் வாளித் தண்ணீரை ஓயாமல் நக்கிக்கொண்டே இருந்தாள். புழுக்கம் என்று நினைத்தேன். வயதான பூனை திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டுமாம். வெளியே தெரிய ஆரம்பிக்கும்போதே அதில் பெரும்பகுதி பழுதாகியிருக்கும் என்றார் டாக்டர். சில வாரம் தோலுக்கடியில் சலைன் ஏற்றினோம். ஒருநாள் மத்தித் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒப்புக்கொள்ள இன்னும் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அவளுக்காக இல்லை, எனக்காக.

கருணைக்கொலை என்கிறோம். அந்தச் சொல்லில் கொலை இருப்பதால்தான் பலர் தயங்குகிறார்கள். உயிரோடு வைத்திருப்பதே வதையாகிவிடும் நிலை உண்டு என்பதை 1960-ஆம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. முதலில் மயக்க ஊசி. நன்றாகத் தூங்கிய பிறகு நரம்பில் இன்னொன்று. சில நிமிஷத்தில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது. எல்லாம் முடிந்த பிறகும் ஒரு மூச்சு இழுத்த மாதிரி இருக்கலாம். அது வெறும் தசைத் துடிப்பு. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் அப்படிப் பதறியிருக்க மாட்டேன்.

பேத்தியிடம், "சுக்கு தூங்குதும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் தடுத்துவிட்டாள். அப்புறம் குழந்தை தூங்கவே பயப்படும் என்றாள். செத்துப்போச்சு என்றே சொன்னோம். அழுதாள். அழுது முடித்து, "அப்ப அந்த மீன் தலைய யாருக்குத் தாத்தா போடறது?" என்று கேட்டாள்.

மட்டாஞ்சேரி வீடுகளில் புதைக்க முற்றம் ஏது? ஒரு நண்பர் வீட்டுத் தென்னையடியில் இடம் கிடைத்தது. திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரர், "ஒரு பூச்சயல்லே!" என்றார். ஒரு பூனைதானே! நல்ல மனிதர்தான். துக்கம் கேட்க நாலு பேர் வருவதற்கும், பதினாறு நாள் கழித்து எழுந்து நடமாடுவதற்கும் மனிதச் சாவுக்கு முறை உண்டு. இதற்கு இல்லை. மறுநாள் காலை கடை திறந்தேன்.

நாய் பூனைக்கு அழுவது இந்தக் காலத்துப் பணக்கார மோஸ்தர் என்று சிலர் பேசுகிறார்கள். அவர்களைத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூருக்கு அனுப்ப வேண்டும். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரன் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய். அதன் பெயர் கோவிவன். ஏழாம் நூற்றாண்டில் ஓர் உளிக்காரன் உட்கார்ந்து, ஒரு நாயின் பெயரை எழுத்தெழுத்தாக வெட்டியிருக்கிறான்!

கர்நாடகத்து ஆதகூரில் நட்ட இன்னொரு கல். பத்தாம் நூற்றாண்டு. சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்ட தக்கோலப் போரில் வீரம் காட்டிய மணலேரன், தன் அரசனிடம் பரிசாகக் கேட்டு வாங்கியது காளி என்ற வேட்டை நாயை. காட்டுப்பன்றியோடு மோதி இரண்டும் செத்தன. கோயில் முன்னால் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். அந்தக் கல்லைப் பூசிக்காமல் சாப்பிடும் பூசாரிக்கு நாயின் பாவம் சேரும் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வரிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

நம்மால் கல் நட முடியாது. ஆனால், உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது நாயோ பூனையோ போய்விட்டது என்று கேள்விப்பட்டால், ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள். "வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதன் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். பெயர் தெரியாவிட்டால் கேளுங்கள், சொல்வார்கள்.