கைப்பிடிச் சுவர்



மாற்கு நற்செய்தி 3-ஆம் அதிகாரத்தில், தொழுகைக்கூடத்தில் கை சூம்பிய ஒருவரை ஆண்டவர் நடுவில் எழுந்து நிற்கச் சொல்கிறார். அது வலக்கை என்கிறார் லூக்கா. அவர் ஒரு கொத்தனார் என்றும், பிச்சையெடுக்கும் நிலை வராதபடி குணமாக்கக் கேட்டார் என்றும் பழைய நற்செய்தி ஒன்றில் கண்டதாகப் புனித எரோணிமுஸ் எழுதி வைத்திருக்கிறார். நம் திருவிவிலியத்தில் இது இல்லை. ஆனாலும் கையால் பிழைக்கிறவர்களுக்கு அந்த மன்றாட்டு புரியும்.

நம் திருநீர்மலையிலிருந்து திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் ஷிப்டுக்குப் போகிறவர்கள் பலர். கண்ணாடி வேலை செய்கிறவர்களும் இருக்கிறீர்கள். வெட்டின கண்ணாடி, ஓரம் தேய்க்கும்வரை கத்திதான். நூல் கையுறை அதைத் தடுக்காது. வெட்டு தாங்கும் கையுறையும் மணிக்கட்டு உறையும் வேண்டும். ஷீட் நழுவினால் பிடிக்கப் பாயாதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். உடைந்த கண்ணாடிக்கு வேறு கண்ணாடி வரும்.

காயம் சின்னதாகத் தெரிந்தாலும், விரல் மடங்காவிட்டால், நுனி மரத்துப்போனால், உள்ளே தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம். காபித்தூள், மஞ்சள்தூள் அப்பாதீர்கள். குத்தி நிற்கும் சில்லைப் பிடுங்காமல், அதைச் சுற்றிச் சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்தியபடி அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய துறை இருக்கிறது.

பட்டறை நடத்துகிறவர்களும் நம் பங்கில் உண்டு. உங்களிடம் உரிமையோடு பேசுகிறேன். புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் விழுந்தவனின் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்கிறது இணைச்சட்டம் 22:8. விழுந்தவன் பார்த்து நடந்திருக்கலாமே என்று அங்கே சொல்லப்படவில்லை. கட்டுப்போட்ட கையோடு நிற்பவரிடம், "பார்த்து வேலை செய்யக்கூடாதா?" என்று கேட்பது நாம்தான். சட்டம் பெருவிரல் போனால் 30 சதவீத உழைப்புத்திறன் இழப்பு என்று கணக்குப் போடுகிறது. கண்ணாடி தூக்குகிறவருக்கு அது எந்த மட்டும் சரி?

பத்துப் பேர் வேலை செய்கிற தொழிற்கூடத்தில், மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. வேலையில் அடிபட்டு ஓய்விலிருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்கு உதவித்தொகை கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும், பீகாரிலிருந்து வந்து உங்கள் ஷெட்டிலேயே தங்கியிருக்கும் தம்பிக்கும் இதே உரிமைதான். அவர்கள் பெயரைப் பதிவு செய்தாயிற்றா?