பி2 தேர்வு பாதி வேலைதான்

"அக்கா, ஜெர்மன் படிச்சா போதுமா?" என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். போதாதும்மா. நம் பி.எஸ்சி. நர்சிங் அங்கே தானாகச் செல்லாது. போகிற மாநிலத்தின் அலுவலகம், நீங்கள் படித்த தியரி, வார்டு மணிக்கணக்கைத் தங்கள் பாடத்திட்டத்தோடு ஒப்பிடும். குறையிருந்தால் பயிற்சி, இல்லையேல் தேர்வு. வேலை அனுபவச் சான்றிதழ் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும். அதுவரை உதவியாளர் வேலைதான். ஏஜெண்ட் இதைச் சொல்ல மாட்டார்! பிறகு ஆஸ்திரியாவுக்கு மாறினாலோ, மறுபடி விண்ணப்பம்.

ஆகவே, பாடவாரியாக மணிக்கணக்கு போட்ட டிரான்ஸ்கிரிப்டைக் கல்லூரியிலேயே வாங்கிவிடுங்கள். சாந்தோம் நெடுஞ்சாலைக்குப் போய் நர்சிங் கவுன்சில் பதிவையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஃபிராங்க்பர்ட்டிலிருந்து போன் போட்டு, வெயிலில் அப்பாவை அலையவிடாதீர்கள்.